ஆடியான் கண்ட லீ டி பாரஸ்ட்

வானொலிக்குத் தந்தை யார் என வினவினால், மார்க்கோனி என்பார் பலர். நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸின் பெயரை முன்வைப்பாரும் உளர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் லீ டி பாரஸ்ட் என்னும் ஒருவர், அப்பட்டம் தமக்கே உரியதென்று வாழ்நாள் முழுதும் வாதாடி, 1950-ஆம் ஆண்டில் தாம் எழுதி வெளியிட்ட சுயசரிதத்திற்கும் அப்பெயரையே சூட்டினார். பேசும்படம் என்பது உலகில் வேரூன்று முன்னரே அதனைத் திரையரங்கில் ஜனங்களுக்குக் காட்டியவரும் அவரே. தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொள்பவரைக் குறித்து உலகம் ஐயுறுவது இயல்பு. ஆயினும் அந்த ஐயத்தோடு நின்றுவிடுதல் இவர் விஷயத்தில் நியாயமாகாது. இவர் மெய்யாகவே செய்தது எது, பிறரிடமிருந்து பெற்றது எது, பிறரால் இழந்தது எது என்று பிரித்தறிந்து நேயர்கட்குக் கூறும்பொருட்டே இதனை எழுதப் புகுந்தோம்.

டி பாரஸ்ட் 1873-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ஆம் தேதி அயோவா மாகாணத்துக் கௌன்ஸில் பிளப்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி ஸ்விப்ட் டி பாரஸ்ட், கிறிஸ்தவ போதகர். 1879-இல் அவர் அலபாமா மாகாணத்து டல்லடேகா கலாசாலைக்குத் தலைவராக நியமனம் பெற்றுக் குடும்பத்துடன் அங்கே சென்றார். அக்கலாசாலை, அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் தம் சந்ததியார் கல்வி பெறவேண்டிக் கண்டது. உள்நாட்டு யுத்தம் முடிந்து பதினான்கு ஆண்டுகளே சென்றிருந்த அக்காலத்தில், கறுப்பருக்குக் கல்வி புகட்ட வந்த வெள்ளையரை அவ்வூர் வெள்ளையர் வெறுத்து ஒதுக்கினர். ஊர்விலக்கு என்பது சிறுவர் மனத்தை எவ்வாறு வாட்டும் என்பதை நம் நேயர்கட்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. லீயின் விளையாட்டுத் தோழர்கள் கறுப்பினச் சிறுவர் சிலரே. எஞ்சிய பொழுதெல்லாம் புத்தகங்களோடும், தானே செய்து பார்க்கும் யந்திரங்களோடும் கழிந்தது.

மகனும் தம்மைப்போற் போதகராகவேண்டும் என்பது தந்தையின் அவா. மகனோ யந்திர சாஸ்திரமே வேண்டுமென்று பிடிவாதம் செய்து, 1893-இல் யேல் ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ஷெபீல்டு விஞ்ஞானக் கல்லூரியிற் சேர்ந்தார். 1896-இல் தந்தை இறந்தார். வறுமையோடு போராடிப் படித்து, ஹெர்ட்ஸ் அலைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1899-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி உலகை வியப்பில் ஆழ்த்திக்கொண்டிருந்த சமயம் அது. அத்துறையில் மார்க்கோனியை வெல்வதே தம் பிறவிப்பயன் என்று அவ்விளைஞர் கருதினார்.

இதன்பின் அவர் கால்வைத்த கம்பெனி வியவகாரங்கள் பல. அவற்றை ஒவ்வொன்றாகக் கூறினால் நேயர்கட்குச் சலிப்பே மிகும். 1902-இல் ஆப்ரகாம் ஒயிட் என்பவர் அவர் பெயரால் ஒரு கம்பெனி கண்டார். ஒயிட்டின் திறமை தந்தி அனுப்புவதில் இருந்ததைக் காட்டிலும் பங்குகள் விற்பதிலேயே மிகுதி. 1904-இல் ஸெயிண்ட் லூயி நகரப் பொருட்காட்சியில் பெரிய கோபுரம் எழுப்பிக் காட்சி நடத்தியதும் பங்குகள் விலைபோகவே உதவிற்று. 1906-இல் இடி விழுந்தது. டி பாரஸ்ட் பயன்படுத்திய அலையுணர் கருவி, ரெஜினால்டு பெஸண்டன் என்பாரின் பேட்டண்டு உரிமையை மீறியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் கம்பெனியை விட்டு வெளியேறினார். கையிற் கிடைத்தது ஆயிரம் டாலரும், எவரும் விலைமதியாத சில பேட்டண்டு உரிமைகளுமே. அந்த உரிமைகளுள் ஒன்றுதான் அவர் ஆடியான் எனப் பெயரிட்ட கண்ணாடிக் குமிழ்.

அதனைச் சிறிது விளக்குவோம். மின்சார விளக்கின் குமிழில் உள்ள இழை பழுக்கக் காய்ந்தால், அதிலிருந்து எலெக்ட்ரான் என்னும் நுண்துகள்கள் வெளிப்படும். குமிழினுள் ஒரு தகட்டையும் பதித்து அதற்கு நேர்மின்சாரம் ஊட்டினால், அத்துகள்கள் இழையினின்று தகட்டை நோக்கி ஓடும், எதிர்த்திசையில் ஓடா. இவ்வியல்பின் அடையாளத்தை எடிஸன் 1880-களிலேயே கண்டார். இதனைக்கொண்டு வானலைகளை உணரலாமென்று இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் பிளெமிங் 1904-இற் காட்டினார். டி பாரஸ்ட் செய்தது, இழைக்கும் தகட்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பிவலையைப் புகுத்தியதாகும். ஏரியின் நீர் முழுவதும் மதகின் வழியே பாய்கிறது. மதகின் பலகையைச் சிறிது ஏற்றவோ இறக்கவோ ஒருவன் கைவலிமை போதும். பாயும் வெள்ளமோ அவன் வலிமைக்குப் பன்மடங்கு பெரிது. அவ்வாறே, வலையில் வந்து படும் மெலிந்த மின்சாரம், இழையினின்று தகட்டிற்குப் பாயும் பெருக்கைக் கூட்டவும் குறைக்கவும் வல்லதாகிறது. மெலிந்த ஒலியின் சாயலைச் சிதையாது வலிமையுறச் செய்யும் வழி இதனாற் கிடைத்தது. 1907 ஜனவரியில் இதற்கு விண்ணப்பம் செய்தார். 1908 பிப்ரவரி 18-இல் உரிமை கிடைத்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும். தாம் கண்டது ஏன் வேலை செய்கிறது என்பதை டி பாரஸ்ட் நன்கு அறிந்திலர். குமிழில் எஞ்சிநிற்கும் சிறிதளவு வாயுவே அதற்கு உயிர்நாடி என்று நெடுநாள் எண்ணியிருந்தார். வாயுவை அறவே நீக்கினால்தான் அது சீராக இயங்கும் என்பதை 1912, 1913 ஆண்டுகளில் தனித்தனியே கண்டு நிறுவியவர்கள், டெலிபோன் கம்பெனியின் ஹெரால்டு ஆர்னால்டும், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் இர்விங் லாங்மூரும் ஆவர். பிளெமிங்குக்குத் தாம் கடன்பட்டிருப்பதையும் டி பாரஸ்ட் ஒருபோதும் ஒப்புக்கொண்டிலர். 1916-இல் நியூயார்க் நீதிமன்றம், இரண்டு மின்முனைகளுக்குரிய உரிமை பிளெமிங் பக்கத்தாருக்கும், வலைக்குரிய உரிமை டி பாரஸ்டுக்கும் ஆகும் என்று முடிவு செய்தது. ஆகவே ஒருவரின்றி மற்றவர் மூன்று உறுப்புள்ள வால்வைச் செய்து விற்றல் இயலாதாயிற்று. வண்டி ஒருவனுக்கும் மாடு மற்றொருவனுக்கும் ஆனதுபோன்ற கதை!

தந்திக்குறிகளை விட்டு மனிதக்குரலையும் சங்கீதத்தையும் வானில் அனுப்புவதிலேயே அவருக்கு மோகம் மிகுந்தது. 1907-இல் நியூயார்க்கிலிருந்து சங்கீதம் ஒலிபரப்பினார். உலகைச் சுற்றப் புறப்பட்ட அமெரிக்கக் கடற்படையின் கப்பல்களுக்குப் பேச்சுக்கருவிகள் அமைத்துக் கொடுத்தார், அவை திருப்தியளிக்கவில்லை. 1908-இல் பாரீஸின் ஐபல் கோபுரத்திலிருந்து ஒலிபரப்பிக் காட்டினார். அவ்வாண்டில் அவர் மணந்த நோரா ஸ்டாண்டன் பிளாட்ச், கார்னெல் ஸர்வகலாசாலையில் ஸிவில் எஞ்சினீயரிங் பயின்று தேறிய முதற்பெண்மணி. கணவரின் தொழிலிலும் துணைநின்றவர். மனைவி வேலை செய்வதை டி பாரஸ்ட் விரும்பாமற்போகவே, அம்மணவாழ்க்கை சில ஆண்டுகளிலேயே முறிந்தது.

1910 ஜனவரி 13-ஆம் நாள் நியூயார்க் மெட்ரோபாலிடன் நாடக அரங்கிலிருந்து, கீர்த்திபெற்ற இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூஸோவின் பாட்டை வானில் விடுத்தார். கேட்டவர் தொகை மிகச் சிறிது. கேட்டவருக்கும் இரைச்சலே மிகுதியாகக் கேட்டது. தற்காலத்தார் நகைக்கலாம். ஆயினும் வீட்டிலிருந்தவாறே ஜனங்கள் சங்கீதம் கேட்கவேண்டும் என்னும் எண்ணம், தந்தியையே குறியாகக் கொண்டிருந்த மார்க்கோனிக்கு அக்காலத்தில் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. 1916 நவம்பர் 7-ஆம் நாள் இரவு, தம் ஒலிபரப்பு நிலையத்திலிருந்து ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை அறிவித்தார். இறுதியில் ஹியூஸ் வெற்றிபெற்றார் என்று கூறி நிலையத்தை மூடிவிட்டுச் சென்றார். வென்றவரோ வில்ஸன்! செய்தி ஒலிபரப்பு அன்றே இவ்வாறு தொடங்கிற்று என்றால், அதன் பின்னைய வரலாற்றைக் கண்டு வியப்பதற்கில்லை.

அவர் வாழ்க்கையில் மிக இருண்ட காலம் 1912, 1913 ஆகிய ஆண்டுகள். பங்குகள் விற்பதில் ஜனங்களைத் தபால்மூலம் ஏமாற்றியதாக அவர்மீதும் கூட்டாளிகள்மீதும் சர்க்கார் வழக்குத் தொடுத்தது. கூட்டாளிகள் சிலர் தண்டனை பெற்றனர். டி பாரஸ்ட் 1914-ஆம் ஆண்டின் முதல்நாளில் விடுதலையடைந்தார். அவ்வழக்கில் அரசாங்க வக்கீல், மின்விளக்குப் போன்றதொரு குமிழைக் காட்டிப் பணம் பறித்தனர் என்றும், அது எதற்கும் உதவாதது என்றும் வாதித்தார். அதே 1913-ஆம் ஆண்டில், தாம் யாருக்காக வாங்குகிறோம் என்பதை வெளியிடாத ஒரு வக்கீலின் மூலம், அமெரிக்க டெலிபோன் கம்பெனி அக்குமிழின் உரிமையை டெலிபோன் தொழிலுக்காக 50,000 டாலருக்கு வாங்கிற்று. கைப்பணமின்றி வழக்கில் சிக்கியிருந்தவர் பேரம் பேசும் நிலையில் இல்லை. நெடுந்தூரம் செல்கையில் தேய்ந்துபோகும் குரலை இடையிடையே வலுப்படுத்த வேறு வழியறியாது தவித்த கம்பெனிக்கு, அத்தொகை அற்பமே. 1915 ஜனவரியில் நியூயார்க்கினின்று ஸான் பிரான்ஸிஸ்கோ வரை கண்டம் கடந்து மனிதக்குரல் சென்றது, ஆர்னால்டு சீர்திருத்திய ஆடியானின் துணையாலேயே.

ஆர்ம்ஸ்ட்ராங்கோடு நேர்ந்த வழக்கையும் சுருங்கக் கூறவேண்டும். வால்வினின்று வெளிவரும் மின்சாரத்தில் ஒரு பகுதியை மீண்டும் வலைக்கே திருப்பினால் ஒலி பன்மடங்கு பெருகும். எல்லை மீறினால் வால்வு தானே அலைகளை எழுப்பவும் செய்யும். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் கொலம்பியா ஸர்வகலாசாலை மாணவர் 1912-இல் இதனைக் கண்டு, 1914-இல் உரிமையும் பெற்றார். டி பாரஸ்ட், 1912 ஆகஸ்டு 6-ஆம் தேதியிட்ட தம் ஆய்வுக் குறிப்பேட்டைக் காட்டித் தமக்கே முதன்மை என்றார். வழக்கு இருபது ஆண்டுகட்கு மேல் நடந்தது. 1928-இலும் 1934-இலும் அமெரிக்க உச்சநீதிமன்றம் டி பாரஸ்ட் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு மனமுடைந்த ஆர்ம்ஸ்ட்ராங், இதற்காகத் தாம் முன்பு பெற்ற பதக்கத்தை ரேடியோ எஞ்சினீயர்கள் சங்கத்தாரிடம் திருப்பிக் கொடுக்க வந்தார். சங்கத்தார் அதனை வாங்க மறுத்துவிட்டனர். குமிழில் எழுந்த ஊளையொலியைக் கேட்டவர் டி பாரஸ்ட். அதன் பொருளை உணர்ந்தவர் ஆர்ம்ஸ்ட்ராங். பொருளுணர்ந்தவருக்கே பெருமை என்பது எஞ்சினீயர்களிற் பெரும்பாலாரின் கருத்து. நமக்கும் அதுவே சரியெனத் தோன்றுகிறது.

இனிப் பேசும்படத்திற்கு வருவோம். படத்தையும் ஒலியையும் இணைக்கும் ஆசை சினிமாவைப்போலவே பழமையானது. எடிஸன் 1913-இல் கிராமபோனையும் படத்தையும் ஒருங்கு ஓட்டிப் பார்த்தார். படத்தில் வாய் மூடிய பின்னர்க் குரல் வரும். அல்லது வாய் திறக்குமுன்னே வந்துவிடும். குரலோ பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டாது. இவ்விரு குறைகளுள் இரண்டாவதற்கு மருந்து தம் கையிலேயே உள்ளது என்பதை டி பாரஸ்ட் அறிவார். முதற்குறைக்கு மருந்து, ஒலியையும் படச்சுருளிலேயே பதிப்பது. குரல் மைக்கில் மின்சாரமாகிறது. ஆடியான் அதனைப் பெருக்குகிறது. அம்மின்சாரத்திற்கேற்ப ஒரு விளக்கு ஒளிர்ந்தும் மங்கியும் படச்சுருளின் ஓரத்தில் கருமை மிக்கதும் குறைந்ததுமான நுண்கோடுகளை வரைகிறது. படம் காட்டுகையில் அக்கோடுகளின் ஊடே ஒளி பாய்ந்து, ஒளியை மின்சாரமாக்கும் கலத்தின்மீது விழுகிறது. அதனை மீண்டும் ஆடியான் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. படமும் ஒலியும் ஒரே சுருளில் இருத்தலால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய வழியில்லை. இதற்குரிய முதல் விண்ணப்பத்தை அவர் 1919-இற் செய்தார். போனோபிலிம் என்று பெயரும் இட்டார்.

இவ்வெண்ணம் அவர் ஒருவருக்கே தோன்றியதன்று. ஜெர்மனியில் போக்ட், எங்கல், மஸோல் என்னும் மூவர், 1922 ஸெப்டம்பர் 17-இல் பெர்லின் நகரில் தம் பேசும்படத்தைப் பொதுஜனங்களுக்குக் காட்டினர். அதற்கு முந்திய ஓராண்டுக் காலமாக டி பாரஸ்டும் பெர்லினிலேயே தங்கித் தம் ஆராய்ச்சியை நடத்திவந்தார். ஆனால் அவருக்கு மெய்யாகக் கைகொடுத்தவர் அவர் தேசத்தவரே. நியூயார்க் மாகாணத்து ஆபர்ன் என்னும் சிற்றூரில், செல்வக் குடியிற் பிறந்த தியோடர் கேஸ் என்பார் தம் வீட்டுக்கருகே ஓர் ஆராய்ச்சிசாலை வைத்திருந்தார். தாலியம் என்னும் உலோகத்தின் சேர்க்கையைக்கொண்டு அவர் செய்த ஒளிக்கலம், அக்காலத்துக் கலங்களில் தலைசிறந்தது. ஒலியைப் பதிக்கும் விளக்கையும் அவரும் அவர் துணைவர் ஏர்ல் ஸ்பானபிளும் செய்து தந்தனர். டி பாரஸ்ட் தாமே செய்த விளக்கு மங்கலானது. கேஸின் விளக்கு வந்த பின்னரே குரல் குரலாகக் கேட்டது.

1923 ஏப்ரல் 15-ஆம் நாள் நியூயார்க் ரிவோலி தியேட்டரில் பதினெட்டுக் குறும்படங்கள் பொதுஜனங்களுக்குக் காட்டப்பெற்றன. பாட்டு, ஆட்டம், ஹாஸ்யம் என்று யாவும் சில நிமிஷ அளவின. ஜாஸ் சங்கீதத்தில் புகழ்பெற்று விளங்கிய நோபிள் ஸிஸில், யூபி பிளேக் என்னும் கறுப்பினக் கலைஞர் இருவரையும் அவ்வாண்டில் டி பாரஸ்ட் படமெடுத்தார், டல்லடேகாவில் வளர்ந்தவரன்றோ! 1924 ஆகஸ்டில் ஜனாதிபதி கூலிட்ஜ் வெள்ளைமாளிகைத் தோட்டத்தில் நின்று பேசும் படம் எடுக்கப்பட்டது. அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் பேசும்படத்தில் தோன்றியது அதுவே முதல் முறை. மாக்ஸ் பிளெஷர் தம் சித்திரப்படங்கள் சிலவற்றையும் போனோபிலிம் முறையில் ஒலியுடன் வெளியிட்டார். பாட்டின் சொற்கள்மீது ஒரு பந்து துள்ளிச் செல்ல, சபையோர் கூடப் பாடுவர்.

இவ்வளவும் இருந்தும் ஹாலிவுட் முதலாளிகள் திரும்பிப் பாரார். மௌனப்படங்களால் லாபம் குவிந்துகொண்டிருக்கையில், தியேட்டர்தோறும் புதிய கருவிகள் பூட்டுவானேன் என்பது அவர் கேள்வி. சிறந்த தியேட்டர்களெல்லாம் அவர்கள் கையில் இருந்தன. டி பாரஸ்டுக்குக் கிடைத்தவை எவர்க்கும் கட்டுப்படாத சிறு தியேட்டர்களே. நெடும்படம் எடுக்கவல்ல கதாசிரியரோ டைரக்டரோ நட்சத்திரமோ அவர் பக்கம் இல்லை. ஒலியின் தரமும் குறையுடையதாகவே இருந்தது என்பதையும் சொல்லாது விடலாகாது.

இந்நிலையில் அவர் செய்த தவறு, கேஸைப் பகைத்துக்கொண்டதாகும். பத்திரிகைகளில் வந்த செய்திகளிலெல்லாம் டி பாரஸ்டின் பெயரே முழங்கிற்று; கேஸின் பெயர் எங்கும் இல்லை. பெயரைக் குறிக்குமாறு கேஸ் கேட்டும் பயனில்லாமற் போயிற்று. 1925-இல் கேஸ் உறவை முறித்துக்கொண்டார். மறு ஆண்டு வில்லியம் பாக்ஸ் என்னும் படமுதலாளியோடு சேர்ந்து கேஸ் வெளிக்கொணர்ந்த மூவிடோன், போனோபிலிமிலிருந்து தன் பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு சீர்செய்ததேயாகும். 1927 மே மாதம் லிண்ட்பர்க் அட்லாண்டிக் கடலைத் தனியே கடக்கப் புறப்பட்டபோது, அவர் விமானத்தின் முழக்கத்தைப் பதிவுசெய்தது மூவிடோன். போனோபிலிம் கம்பெனியோ 1926 ஸெப்டம்பரிலேயே திவாலாகிவிட்டது. 1927 அக்டோபர் 6-இல் வார்னர் ஸகோதரரின் ஜாஸ் பாடகர் படம் வெளிவந்து பேசும்பட யுகத்தைத் தொடங்கிற்று. அதன் ஒலி இசைத்தட்டில் இருந்தது. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் தட்டுகள் மறைந்து, சுருளோரத்தில் ஒலி பதிக்கும் முறையே உலகெங்கும் நிலைத்தது. நம் நாட்டுப் பேசும்படங்களும் 1931 முதல் அம்முறையிலேயே பிறந்தன.

கேஸுக்கு இவர் செய்ததை இவருக்குப் பிறர் செய்தனர். பாட் பவர்ஸ் என்னும் வியாபாரி 1927-இல் நலிந்திருந்த போனோபிலிமைக் கைப்பற்ற முயன்றார். அது பலிக்காமற்போகவே, டி பாரஸ்டிடம் முன்பு வேலைசெய்த ஒருவரை அமர்த்தி, அதே மாதிரியான கருவியைச் செய்வித்து, ஸினிபோன் என்று பெயரிட்டார். வழக்காடப் பணமில்லாத டி பாரஸ்ட் வாளா இருந்தார். தம் சித்திரப்படத்திற்கு ஒலி சேர்க்கக் கருவி தேடிவந்த ஓர் இளைஞருக்குப் பவர்ஸ் அதனைக் கொடுத்தார். அவ்விளைஞர் வால்ட் டிஸ்னி. படம், 1928 நவம்பர் 18-இல் நியூயார்க்கில் வெளிவந்து மிக்கி மௌஸை உலகப்புகழ் பெறச்செய்த நீராவிப்படகு வில்லி. சுண்டெலி சீழ்க்கையடித்ததும் இவர் காட்டிய வழியிலேதான். அதனால் இவருக்கு ஒரு காசும் வரவில்லை.

பின்னைய காலம் ஹாலிவுட்டிலேயே கழிந்தது. 1930-இல் மேரி மஸ்கினி என்னும் மௌனப்பட நடிகையை நான்காவதாக மணந்தார், இம்மணம் நிலைத்தது. 180-க்கு மேற்பட்ட பேட்டண்டு உரிமைகள் அவர் பெயரில் இருந்தன. செல்வம் வந்தவழியே சென்றது. 1946-இல், தம் குழந்தையாகிய வானொலியை விளம்பரங்களாலும் மலிவான சங்கீதத்தாலும் கெடுத்துவிட்டதாக ஒலிபரப்பாளரைக் கடிந்து பகிரங்கக் கடிதம் விடுத்தார். ஏறக்குறைய அக்காலத்திலேயே பிலடெல்பியாவில் 18,000 வால்வுகள் கொண்ட எனியாக் என்னும் கணக்கிடும் யந்திரம் இயங்கத் தொடங்கிற்று. 1947-இல் பெல் ஆராய்ச்சிசாலையார் கண்ட டிரான்ஸிஸ்டர், கண்ணாடிக் குமிழின் ஆட்சியைப் படிப்படியாக முடித்துவைத்தது.

கேஸ் 1944-இல் இறந்தார். அவர் பங்கு இன்னதென்று விளக்கி, ஸ்பானபிள் 1947-இல் சினிமா எஞ்சினீயர் சங்கத்துப் பத்திரிகையில் நீண்ட வரலாறு எழுதினார். ஆபர்னிலுள்ள அவருடைய ஆராய்ச்சிசாலையை அவ்வூர்க் காட்சிசாலையார் சீரமைத்துப் பாதுகாத்தனர். 1960 ஏப்ரலில் அமெரிக்கச் சினிமா அகாடமி, படத்திற்கு ஒலி தந்தமைக்காக டி பாரஸ்டுக்குக் கௌரவ ஆஸ்கார் பரிசு வழங்கிற்று. முப்பது ஆண்டுகட்கு முன் கதவடைத்த அதே ஹாலிவுட், எண்பத்தாறு வயதுக் கிழவரை இவ்வாறு போற்றிற்று. 1961 ஜூன் 30-ஆம் நாள் அவர் அந்நகரிலேயே காலமானார். அப்போது அவர் வங்கிக் கணக்கில் இருந்தது 1,250 டாலர்.